சாய்ந்தாடும் பலகை: போன்சே மேடை பற்றி ஒரு மதிப்பீடு

சனிக் கோளைத் தொலைநோக்கியில் காட்டும் கூட்டம் எதிலாவது நீங்கள் வரிசையில் நின்றதுண்டா? நின்றிருந்தால் இந்த அனுபவம் உங்களுக்கும் நேர்ந்திருக்கும். முன்னால் நின்ற சிறுவன் "வளையம்! வளையம்!" என்று கூவிவிட்டு விலகுவான். நீங்கள் ஆவலோடு கண்ணை வைப்பீர்கள். உள்ளே வெறும் இருட்டு. "சற்றுப் பொறுங்கள், ஓடிவிட்டது" என்று பக்கத்தில் நிற்பவர் குழாயை விரலால் மெல்லத் தள்ளித் தேடுவார்.

ஓடியது சனி அன்று, சுழன்றது பூமி. 23 மணி 56 நிமிடம் 4 விநாடிக்கு ஒருமுறை அது தன்னைத் தானே சுற்றிவிடுகிறது. 200 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது, சாதாரணக் கண்ணருகு வில்லையின் வழியே வானத்தில் கால் பாகை அகலம்தான் தெரியும். வான நடுவரையை ஒட்டியுள்ள ஒரு பொருள் அந்தக் கால் பாகையை ஒரே நிமிடத்தில் கடந்துவிடும். நடுவில் நிறுத்திவிட்டு நீங்கள் விலகினால், அடுத்தவருக்குக் கிடைப்பது அரை நிமிடம். வயதான ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிவதற்குள் அது போய்விடும்.

இந்த ஓட்டத்தைச் சரிக்கட்டும் வழி புதியதன்று. பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சை அமைத்து, தொலைநோக்கியை அதன்மேல் ஏற்றி, பூமி சுழலும் திசைக்கு எதிர்த் திசையில் அதே வேகத்தில் சுழற்றினால் விண்மீன் பார்வைப் புலத்தில் அசையாமல் நிற்கும். பிரான்ஹோபர் 1824-இல் டோர்பாட் வானாய்வகத்துக்குச் செய்து கொடுத்த பெரிய தொலைநோக்கி கடிகாரப் பொறியின் துணையால் இப்படித்தான் சுழன்றது. டோர்பாட் என்பது இன்றைய எஸ்டோனியாவிலுள்ள டார்ட்டு நகரம். ஆனால் இத்தகைய ஏற்றம் கனமானது, பட்டறை வேலை மிகுந்தது, விலையும் அதிகம். இதற்கு நேர்மாறானது டாப்சன் வகை. சான் பிரான்சிஸ்கோவின் நடைபாதைகளில் வழிப்போக்கர்களை அழைத்து வானத்தைக் காட்டிய ஜான் டாப்சன் (1915–2014) பரப்பிய அமைப்பு அது. ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று, அதில் மேலும் கீழும் இடமும் வலமும் திரும்பும் குழாய் ஒன்று. செலவு குறைவு, உறுதி அதிகம். வானத்தைத் தொடர்ந்து செல்ல மட்டும் அதற்குத் தெரியாது. கைதான் தள்ள வேண்டும்.

இந்த இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் போட்டவர் அத்ரியன் போன்சே என்ற பிரெஞ்சு ஆர்வலர். 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழின் 1977 ஜனவரி வெளியீட்டில் வந்த அவருடைய யோசனை மிக எளியது. தொலைநோக்கியில் கை வைக்க வேண்டாம். அது நிற்கும் தளத்தையே சாயுங்கள் என்றார். தரையில் ஒரு பலகை. அதன்மேல் இன்னொரு பலகை. மேற்பலகையின் தென்முனையில் ஒரு சுழல்முனை. வடபுறத்தில் இரண்டு வழுக்குத் திண்டுகள்; அவை கீழ்ப்பலகையில் பொருத்திய ஒரு சாய்தளத்தின்மேல் நகரும். சாய்தளம் பூமியின் நடுவரைத் தளத்துக்கு இணையாக இருந்தால், மேற்பலகை நகரும்போது துருவத்தை நோக்கிய ஓர் அச்சைச் சுற்றியே நகரும். ஒரு சிறு மோட்டார் அதைக் கிழக்குச் சாய்விலிருந்து மேற்குச் சாய்வுக்கு ஒரு மணி நேரத்தில் 15 பாகை திருப்பும். பிறகு கையால் பின்னுக்குத் தள்ளி மீண்டும் தொடங்க வேண்டும். இதுதான் போன்சே மேடை. இன்று துருவ அச்சு மேடைகள் என்று செய்யப்படுபவை பெரும்பாலும் இதன் வழி வந்தவையே.

இதன் பெருமை எங்கே இருக்கிறது தெரியுமா? அச்சு இருக்கிறது, ஆனால் அச்சாக ஒரு கம்பிகூட இல்லை. காற்றில் வரைந்த ஒரு கோடுதான் அச்சு. தச்சு வேலை தெரிந்த எவரும் இரண்டு விடுமுறை நாட்களில் செய்துவிடலாம். கடந்த அரை நூற்றாண்டில் ஆர்வலர்களின் கையிலிருந்து வந்த கருவி யோசனைகளில் இதற்கு ஈடானவை சிலவே என்பது என் கருத்து.

குறையும் அங்கேதான் தொடங்குகிறது. இம்மேடைக்கென்று கிடைக்கும் வரைபடங்களைப் பாருங்கள். பலகை இத்தனை செ.மீ., திண்டு இத்தனை செ.மீ., ஆணி இன்னது, மோட்டார் இன்னது என்று எல்லாம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு மட்டும் பல படங்களில் இருக்காது. அந்தக் கோடுதான் கருவி. மற்றவையெல்லாம் அதைத் தாங்கும் மரம். மரத்தின் அளவுகளைப் பார்த்துச் செய்பவன் 40 அல்லது 50 பாகை வட அட்சத்தில் வாழ்பவனாக இருந்தால் தப்பித்துக்கொள்வான். வரைபடம் அவன் ஊருக்கென்றே வரையப்பட்டது. கன்னியாகுமரி 8 பாகையிலும், மதுரை 10 பாகைக்குச் சற்றுக் கீழும், சென்னை 13 பாகையிலும் இருக்கின்றன. நாம் அதே அளவுகளை எடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் என் சொந்தப் பலகையில் கண்டேன்.

எட்டு அங்குல டாப்சன் ஒன்றுக்காக 40 பாகைக்குரிய வரைபடம் ஒன்றை அப்படியே செய்தேன். மோட்டார் ஓடியது, மேடையும் நகர்ந்தது, சனியும் நகர்ந்தது! வேகம் மட்டும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அச்சு 30 பாகை தவறாக நின்றால் அவ்வளவுதான் கிடைக்கும். சரி, சாய்தளத்தை நம் ஊருக்கு ஏற்ப மாற்றிவிடலாம் என்று எண்ணி அதை 80 பாகைக்கு நிமிர்த்தினேன். அது சாய்தளமாக இல்லை, சுவராக இருந்தது. திண்டுகள் அதில் இறுகிக்கொண்டன. மோட்டார் முனகி நின்றுவிட்டது. கையால் தள்ளி மேற்குப் பக்கம் சாய்த்தபோது, தொலைநோக்கிப் பெட்டி தானாகவே சுழன்று குழாயின் முனை பக்கத்தில் நின்ற சிறுமியின் தோளில் இடித்தது. அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அன்றிரவு அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுத் தரையில்தான் தொலைநோக்கியை வைத்தேன்.

என்ன நடந்தது என்பதைக் காகிதத்தில் கணக்கிட்டபோதுதான் விளங்கியது. பள்ளியில் படித்த திருப்புத்திறன் போதும். நீங்களும் செய்து பார்க்கலாம்.

சாய்தளம் எடையைத் தாங்குவது அதன் செங்குத்துத் திசையில்தான். நடுவரைத் தளத்துக்குச் செங்குத்துத் திசை என்பது துருவத் திசையே. 40 பாகையில் அது ஓரளவு மேல்நோக்கியிருப்பதால் எடையைத் தாங்கும். 10 பாகையில் அது கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது. சுழல்முனையிலிருந்து திண்டுகள் வரையுள்ள தொலைவில் மூன்றில் இரண்டு பங்கில் தொலைநோக்கியின் ஈர்ப்பு மையம் இருப்பதாகக் கொள்ளுங்கள். திண்டுகளை அழுத்தும் விசை 40 பாகையில் தொலைநோக்கியின் எடைக்கு ஏறக்குறையச் சமம். 10 பாகையில் அது எடையைப்போல் நான்கு மடங்கு. அதாவது 25 கிலோ தொலைநோக்கி ஏறத்தாழ நூறு கிலோவுக்குரிய விசையோடு திண்டுகளைச் சாய்தளத்தில் நெரிக்கிறது. மோட்டார் முனகாமல் என்ன செய்யும்?

இதைவிடப் பெரிய சங்கதி ஈர்ப்பு மையம். சாய்ந்தாடும் எந்தப் பொருளும் சமநிலையோடு ஆட வேண்டுமானால் அதன் ஈர்ப்பு மையம் ஆடும் அச்சிலேயே இருக்க வேண்டும். எட்டு அங்குல டாப்சனின் ஈர்ப்பு மையம் பலகைக்கு மேல் சுமார் 50 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வழியே துருவத் திசையில் ஒரு கோடு வரைந்து தெற்கே நீட்டுங்கள். 50 பாகை அட்சத்தில் அந்தக் கோடு 42 செ.மீ. தள்ளிப் பலகையைத் தொடும். 40 பாகையில் 60 செ.மீ. இரண்டும் பலகைக்குள் அடங்கும். சென்னையில் 2.17 மீட்டர். மதுரையில் 2.8 மீட்டருக்கும் மேல். கன்னியாகுமரியில் 3.5 மீட்டரைத் தாண்டிவிடும். சுழல்முனையை அடுத்த வீட்டு வாசலில்தான் வைக்க வேண்டும்! நான் செய்தது போல முனையை 60 செ.மீ.யிலேயே விட்டுவிட்டால், அச்சு ஈர்ப்பு மையத்துக்கு 40 செ.மீ. கீழே போய்விடுகிறது. மேடை 7.5 பாகை சாயும்போது ஈர்ப்பு மையம் 5 செ.மீ. பக்கவாட்டில் விலகும். மேற்கு நோக்கிச் சாயத் தொடங்கியது மேலும் மேலும் சாயவே முயலும்.

பெட்டி தானாகச் சுழன்ற காரணம் வேறு. வடக்கே உள்ள ஊர்களில் மேடையின் அசைவில் ஒரு பகுதி தட்டாமாலை சுற்றுவது போன்ற திரும்பலாகக் கழிந்துவிடும். 50 பாகையில் மேடை 7.5 பாகை திரும்பினாலும் பலகையின் சாய்வு 5 பாகைக்கும் குறைவே. நம் ஊரில் திரும்பல் முழுவதும் சாய்வாகவே வருகிறது. சாய்ந்த பலகையில் பெட்டியின் எடை நடு போல்ட்டுக்கு நேர் மேலே இல்லாவிட்டால், பெட்டி தாழ்ந்த பக்கம் பார்த்துத் திரும்பிவிடும். ஆகவே பெட்டியையும் எடை வைத்துச் சமன் செய்தாக வேண்டும். நான் பார்த்த எந்த வரைபடமும் இதைச் சொல்லவில்லை.

போன்சேக்குப் பின் வந்தவர்கள் இந்தக் குறைகளில் சிலவற்றை உணர்ந்தவர்களே. பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ஜீ சாய்தளத்துக்குப் பதிலாக ஓர் உருளையின் துண்டை வடபுறத்தில் வைத்தார். ஜார்ஜ் டோத்யூம் 1988 செப்டம்பரில் அதே இதழில் கூம்பின் துண்டைக் கொண்டு ஓர் அமைப்பை விளக்கினார். திண்டுகள் வழுக்குவதற்குப் பதிலாக உருளைகளின்மேல் பலகை உருண்டு செல்வதால் உராய்வு வெகுவாகக் குறைந்தது. பெரிய தொலைநோக்கிகளையும் ஏற்ற முடிந்தது. கணித அழகு பார்த்தால் டோத்யூமின் கூம்புக்குத்தான் முதல் மதிப்பெண் தருவேன். ஆனால் மரத்தில் கூம்பு அறுப்பது வீட்டு வேலை அன்று. நம் ஊருக்கு ஏற்றது ஜீயின் வழியே. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் அட்சத்தில் அது என்ன வடிவம் எடுக்கும் என்று கேட்க வேண்டும்.

அதற்கு விடை நம் மாநிலத்திலேயே பெரிய அளவில் நிற்கிறது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். அதன் துருவ அச்சு நிமிர்ந்து நிற்கவில்லை. தரையோடு பன்னிரண்டரை பாகையளவே சாய்ந்து கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது. வடமுனையில் குதிரை லாட வடிவிலான ஒரு பெரும் வளையம் அதைத் தாங்குகிறது. தொலைநோக்கி வடக்கு தெற்காகக் கட்டிய தூளி போல அந்த வளையத்தோடு சேர்ந்து உருள்கிறது. குறைந்த அட்சத்துக்கு இதுவே இயல்பான வடிவம்.

நம் மேடையும் இப்படித்தான் இருக்க வேண்டும். தெற்கே சுழல்முனை வேண்டாம். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு வளைபலகைகள் போதும். குழந்தைகளின் ஆடுகுதிரைக்கு அடியில் இருக்குமே, அதுபோல. இரண்டின் வட்ட மையமும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டில் இருக்க வேண்டும். கோடு தொலைநோக்கியின் ஈர்ப்பு மையத்தின் வழியே போக வேண்டும். மதுரைக்குக் கணக்கிட்டால், 50 செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு வளைவுகளில் வடக்கே உள்ளதன் ஆரம் தெற்கே உள்ளதைவிட 8.7 செ.மீ. கூடுதல். தெற்கே 46 என்றால் வடக்கே 54.7. வளைபலகைகளை நேர்செங்குத்தாக நிறுத்தாமல் 10 பாகை தெற்கே சரித்து, அச்சுக்குச் செங்குத்தாக நிறுத்தினால் அவை சுத்தமான வட்ட வில்களே. நூலும் பென்சிலும் கொண்டு வரைந்துவிடலாம். ஒவ்வொரு வளைவும் இரண்டு பேரிங்குகளின்மேல் உட்காரும். ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் சிறிய பேரிங் போதும். வளைவின் விளிம்பில் சன்மைக்கா அல்லது மெல்லிய அலுமினியப் பட்டை ஒட்டினால் பேரிங் மரத்தில் பதியாது. மேடை இருபுறமும் 7.5 பாகை ஆடுவதற்கு, வளைவு பேரிங்குகளைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 7 செ.மீ.க்குமேல் நீண்டிருக்க வேண்டும். மேடை தெற்கே வழுக்கிக்கொண்டே இருக்கும். மேடையும் தொலைநோக்கியுமாக 35 கிலோ என்றால் தெற்கே தள்ளும் விசை 6 கிலோ அளவு. அதைத் தடுக்கத் தென்வளைவின் முகத்தில் ஒரு பேரிங்கைக் குறுக்கே வைத்துவிடுங்கள். இதை மறந்தவர் தொலைநோக்கியைத் தரையில் தேட வேண்டியிருக்கும்.

ஈர்ப்பு மையம் சரியாக அமைந்ததா என்று அறிய அளவுகோல் வேண்டாம். மோட்டார் பூட்டுமுன் தொலைநோக்கியை ஏற்றி, மேடையைக் கையால் சாய்த்து விடுங்கள். விட்ட இடத்திலேயே நின்றால் சரி. நடுவுக்குத் திரும்பினால் ஈர்ப்பு மையம் அச்சுக்குக் கீழே இருக்கிறது. பலகைக்கும் பெட்டிக்கும் இடையே சிறு கட்டை வைத்து உயர்த்துங்கள். ஓரத்துக்குச் சாய்ந்துகொண்டே போனால் மேலே இருக்கிறது. பெட்டியின் அடியில் எடை சேருங்கள். டாப்சன் குழாய் தன் இருசில் ஏற்கெனவே சமன் செய்யப்பட்டிருப்பதால், அதை எந்த உயரத்துக்குத் திருப்பினாலும் இந்தச் சோதனையின் முடிவு மாறாது. கொஞ்சம் கீழே இருப்பது பரவாயில்லை. மேலே இருப்பதுதான் ஆபத்து.

மோட்டாரைப் பற்றி வரைபடங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. என் பார்வையில் இதுவே எளிய பகுதி. 50 செ.மீ. ஆரமுள்ள வளைவைத் தாங்கும் பேரிங்குகளில் ஒன்றை எடுத்துவிட்டு 2 செ.மீ. விட்டமுள்ள ஓர் இயக்கு உருளையை வைத்தால், அது 28.7 நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். உருளை வழுக்கினால் 6 மி.மீ. மரைக்கம்பியைப் பயன்படுத்தலாம். அதன் மரை இடைவெளி 1 மி.மீ.; அச்சிலிருந்து 50 செ.மீ. தொலைவில் அது மேடையைத் தள்ளினால் நிமிடத்துக்கு 2.19 சுற்று. நேர்க்கம்பி வட்டத்தில் செல்லும் மேடையைத் தள்ளும்போது ஓரங்களில் வேகம் 1.7 விழுக்காடு பிசகும். கண்ணால் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

ஏன் தெரியாது? அச்சு துருவத்திலிருந்து ஒரு பாகை விலகியிருந்தால்கூட விண்மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 விகலைதான் நகரும். ஒரு பாகையில் 3,600 விகலை உண்டு. தரையில் வைத்த தொலைநோக்கியில் நடுவிலிருந்து ஓரத்துக்கு அரை நிமிடத்தில் ஓடிய சனி, ஒரு பாகை தவறாக வைத்த மேடையிலும் ஏறத்தாழ அரை மணி நேரம் தங்கியிருக்கும். ஆகவே ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமன் செய்து, வடக்கைச் சரியாகக் கண்டுகொண்டால் போதும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் தென்னைமரங்களுக்கும் புழுதிக்கும் பின்னால் ஒளிந்திருப்பதால் அதை நம்பியிருக்க வேண்டாம். பகலிலேயே தரையில் ஒரு வட்டம் போட்டு நடுவில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதன் நிழல்முனை முற்பகலில் வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் குறியுங்கள். இரு குறிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. கோயில் கட்டும் சிற்பிகள் சங்கு நட்டுத் திசை கண்டதும் இவ்வாறே. மொட்டைமாடியில் ஒருமுறை வடக்கு தெற்குக் கோட்டைச் சுண்ணாம்பால் இழுத்துவிட்டால் ஆண்டு முழுவதும் உதவும்.

இத்தனை பாடுபட்டு இதைச் செய்ய வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். தானே தேடித் தானே தொடரும் ஏற்றங்கள் இன்று கடையில் கிடைக்கின்றனவே என்பீர்கள். படம் எடுக்க விரும்புபவருக்கு என் யோசனை, பணம் சேர்த்து அதையே வாங்குங்கள் என்பதுதான். நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்கும் படத்துக்கு இந்த மேடை போதாது. ஆனால் கையில் ஒரு டாப்சன் இருந்து, பள்ளி மைதானத்தில் நூறு பேருக்குக் காட்ட வேண்டியவருக்கு இது கட்டாயம் தேவை என்பேன். அதிலும் நம் ஊர்க்காரருக்கு இன்னொரு காரணம் உண்டு. நம் அட்சத்தில் வியாழனும் சனியும் ஓரியன் நெபுலாவும் உச்சி வானத்தை ஒட்டியே செல்கின்றன. டாப்சன் தொலைநோக்கியைக் கையால் தள்ளிப் பின்தொடர்வது மிகக் கடினமாக இருப்பதும் அந்த உச்சியில்தான். குழாய் நேர்மேலே நிற்கும்போது பக்கவாட்டில் தள்ளப் பிடிமானமே கிடைக்காது. ஆடும் மேடைக்கு உச்சியும் ஒன்றுதான், அடிவானமும் ஒன்றுதான்.

என்னுடைய இரண்டாவது மேடை இந்த வளைபலகை வகை. ஒட்டுப்பலகையும் எட்டு பேரிங்கும் மரைக்கம்பியும் போக, பழைய பலகையின் மோட்டாரே இதற்கும் ஆயிற்று. ஒரு மணிக்கு ஒருமுறை மேடையைக் கிழக்கே திருப்பி வைக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தி, மரைக்கம்பியின் நட்டை விடுவித்து, சாய்த்து, மீண்டும் பூட்ட ஒரு நிமிடம் ஆகிறது. திருப்பும்போது குழாயின் அருகில் யாரும் நிற்காதபடி வரிசையை இரண்டடி தள்ளி நிறுத்துகிறேன்.